துருத்தி பூட்டிய பெண்ட்லி

மனிதன் கையில் ஒரு கருவி கிடைத்தால், அவன் அதனைக் கிடைத்தபடியே வைத்திருப்பதில்லை. அரிவாளுக்குப் பிடி மாற்றுகிறான்; ஏருக்குக் கொழு மாற்றுகிறான்; புதிதாக வாங்கிய சைக்கிளுக்கு மறுநாளே தன் மனத்துக்குப் பிடித்த மணியையும் விளக்கையும் பூட்டுகிறான். இந்த ஆசை இல்லாவிடில் நாகரிகமே வளர்ந்திராது. ஆகவே, உள்ளதை மாற்றி மேம்படுத்த வேண்டும் என்னும் எண்ணத்தைக் குறை கூற நான் வரவில்லை. ஆனால் மாற்றங்களில் இரண்டு வகை உண்டு. ஒரு பொருளின் இயல்பை அறிந்து, அதன் சுமையைக் குறைத்து, அதனிடமிருந்து மிகுந்த பயனைப் பெறுவது ஒரு வகை. நமக்கு வேண்டிய பயனை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்கான சுமையை அப்பொருளின் மேல் ஏற்றுவது மற்றொரு வகை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதற்கு மோட்டார் வண்டிகளின் வரலாற்றிலிருந்து ஓர் உண்மை நிகழ்ச்சியை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நிகழ்ச்சி நடந்த இடம் இங்கிலாந்து. காலம் 1928 முதல் 1931 வரை உள்ள சில ஆண்டுகள். அதில் வரும் முக்கியமான மனிதர்கள் இருவர். ஒருவர் வண்டியைப் படைத்தவர். பெயர் வால்டர் ஓவன் பெண்ட்லி. மற்றவர் அதனைப் பந்தயங்களில் ஓட்டியவர். பெயர் சர் ஹென்றி பிர்கின். டிம் என்பது நண்பர்கள் அவருக்கு வழங்கிய பெயர். ஒருவர் திறமையை மற்றவர் நன்கு அறிந்தவர்களே. ஆயினும், ஒரு வண்டியின் முன்புறத்தில் ஒரு கருவியைப் பூட்டலாமா, கூடாதா என்ற கேள்வியில் அவர்கள் மாறுபட்டார்கள். அந்தக் கருவி பூட்டப்பட்டது. அதன் பின்பு விளைந்ததே நம் கதை.

பெண்ட்லி 1888-இல் லண்டனில் பிறந்தவர். பதினாறு வயதில் டான்காஸ்டர் நகரிலிருந்த கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் தொழிற்சாலையில் பயிற்சி பெறச் சேர்ந்தார். ரயில் எஞ்சினை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பூட்டும் வேலையில் அவருடைய இளமை கழிந்தது. இரும்பு எவ்வளவு தாங்கும், எவ்விடத்தில் விரிசல் விடும், உராய்வு எப்படிச் சூடாக மாறும் என்பவற்றைப் புத்தகத்தில் படிக்கும் முன்பே கையால் தொட்டு அறிந்தவர் அவர். 1912-ஆம் ஆண்டில் தம் சகோதரர் ஒருவருடன் சேர்ந்து டி. எப். பி. என்ற பிரெஞ்சு மோட்டார் வண்டிகளை லண்டனில் விற்கத் தொடங்கினார்.

இந்தப் பெண்ட்லியே பிறர் செய்த வண்டியை மாற்றியமைத்துத்தான் முதலில் புகழ் பெற்றார் என்பதை நாம் மறக்கக்கூடாது. 1913-இல் அவர் அந்தப் பிரெஞ்சுத் தொழிற்சாலைக்குச் சென்றபோது, அங்கே மேசையின் மேல் காகிதம் பறக்காமல் வைக்கும் எடையாகச் சிறிய பிஸ்டன் ஒன்று இருந்தது. அது அலுமினியத்தால் ஆனது. அக்காலத்தில் மோட்டார் யந்திரங்களின் பிஸ்டன்கள் பெரும்பாலும் வார்ப்பிரும்பாலோ எஃகாலோ செய்யப்பட்டன. இந்த இலேசான உலோகத்தால் உண்மையான பிஸ்டனையே செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அலுமினியத்தோடு செம்பைக் கலந்து பிஸ்டன் வார்க்கச் செய்தார். யந்திரம் முன்னைவிட விரைவாகச் சுழன்றது. வெப்பமும் எளிதில் வெளியேறியது. அந்த வண்டி புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையில் பல வேகச் சாதனைகளை நிறுவியது. முதல் உலகப் போர் மூண்டபோது விமான யந்திரங்களுக்கும் அலுமினியப் பிஸ்டன்கள் வந்து சேர்ந்தன.

இந்த மாற்றத்தின் தன்மையைச் சற்றுக் கவனியுங்கள். பிஸ்டன் ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான முறை மேலும் கீழும் ஓடுவது. அதன் எடையைக் குறைத்தால், அதைத் தாங்கும் தண்டுக்கும் அந்தத் தண்டு சுழற்றும் அச்சுக்கும் பாரம் குறைகிறது. அதாவது, ஓரிடத்தில் செய்த மாற்றம் மற்ற இடங்களுக்கெல்லாம் ஓய்வு கொடுத்தது. பின்னர் நடந்தது இதற்கு நேர் எதிரானது என்பதைப் போகப் போகக் காண்போம்.

போரின்போது பெண்ட்லி விமானங்களுக்குச் சுழல் யந்திரங்களை வகுத்துக் கொடுத்தார். போர் முடிந்ததும், 1919-இல், தம் பெயரிலேயே ஒரு கம்பெனியைத் தொடங்கினார். 1921-இல் அதன் முதல் வண்டி வாடிக்கையாளர் ஒருவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்று லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் யந்திரம் அதில் இருந்தது. வண்டியின் அடிச்சட்டத்துக்கு ஐந்து ஆண்டுகள் உத்தரவாதம் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய துணிவு.

உத்தரவாதத்தைச் சொல்லால் கொடுத்தால் போதுமா? செயலால் காட்ட வேண்டாமா? அதற்கு வாய்ப்பாக 1923-இல் பிரான்ஸ் நாட்டில் லெ மான் என்னும் ஊரில் ஒரு பந்தயம் தொடங்கியது. ஒரு முழுநாள், அதாவது 24 மணி நேரம், பகலும் இரவும் வண்டிகள் ஓட வேண்டும். எந்த வண்டி மிகுந்த தூரம் செல்கிறதோ அதுவே வென்றது. ஊரைச் சுற்றிய சாதாரண நெடுஞ்சாலைகளே பந்தயப் பாதை. மழையும் மூடுபனியும் வரும். கற்கள் தெறித்து விளக்குகளை உடைக்கும். இத்தகைய பந்தயத்தில் வேகம் மட்டும் போதாது, பொறுமையும் வேண்டும். 1924-இல் ஒரு பெண்ட்லி வண்டி அதில் முதலிடம் பெற்றது. 1927-இல் இரவு நேரத்தில் மூன்று பெண்ட்லி வண்டிகள் ஒரே விபத்தில் சிக்கின. அவற்றுள் ஒன்று, உருக்குலைந்த முன்பாகத்தோடும் ஒற்றை முன்விளக்கோடும், எஞ்சிய இரவையும் மறுநாளையும் ஓடிக் கடந்து வென்றது. வேகப் போட்டியில் வெல்வதற்கு வேண்டிய அளவுக்கு மேல் வண்டியை விரட்டக்கூடாது என்பது பெண்ட்லியின் கொள்கை.

போட்டியாளர்கள் வலுவடைந்தபோது பெண்ட்லி என்ன செய்தார்? யந்திரத்தையே பெரிதாக்கினார். மூன்று லிட்டர் போய் நாலரை லிட்டர் வந்தது. அதைவிடப் பெரியதாக ஆறு சிலிண்டர்கள் கொண்ட ஆறரை லிட்டரும் இருந்தது. பானை போதவில்லை என்றால் பெரிய பானையை வைப்பது போன்ற வழி இது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பெண்ட்லியின் யந்திரக் கொள்கையும் ஏறக்குறைய அதுதான்.

இனி, டிம் பிர்கினைப் பார்ப்போம். அவர் 1896-இல் நாட்டிங்ஹாம் நகரில், சரிகைத் துணி நெய்து செல்வம் ஈட்டிய குடும்பத்தில் பிறந்தவர். போர்க்காலத்தில் விமானப் படையில் சேர்ந்து பாலஸ்தீனத்தில் பணி புரிந்தார். அங்கே பிடித்த மலேரியாக் காய்ச்சல் பின்னரும் அவரை விடவில்லை. மெலிந்த உடல், பேசும்போது சற்றுத் திக்கும் நாக்கு, கழுத்தில் எப்போதும் நீலத்தில் வெள்ளைப் புள்ளியிட்ட பட்டுத் துணி. ஆனால் பந்தய வண்டியின் சக்கரத்தைப் பிடித்துவிட்டால் அவருக்கு அச்சம் என்பது தெரியாது. 1928-இல் லெ மான் பந்தயத்தில் அவருடைய டயர் வெடித்தது. பழுது பார்க்கும் இடத்துக்கு வெகு தொலைவில், வெறும் இரும்பு விளிம்பின் மேலேயே ஓட்டிப் பார்த்தார், முடியவில்லை. அவருடைய துணை ஓட்டுநரான ழான் ஷசான் என்ற பிரெஞ்சுக்காரர் வண்டியைத் தூக்கும் ஜாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிச் சென்று, வண்டியை மீட்டு வந்தார். மணிக்கணக்கில் நேரம் இழந்தும் அந்த வண்டி ஐந்தாவதாக வந்தது. அவ்வாண்டு முதலிடம் பெற்றதும் ஒரு நாலரை லிட்டர் பெண்ட்லியே.

அதே ஆண்டில் பிர்கின் ஜெர்மனிக்குச் சென்று நூர்பர்க்ரிங் என்னும் மலைப்பாதையில் ஓட்டினார். அங்கே மெர்சிடிஸ் வண்டிகளின் வேகத்தைக் கண்டார். தம்முடைய நாலரை லிட்டர் வண்டி எட்டாவதாக வந்தது. வருங்காலப் பந்தயங்களில் இந்த யந்திரம் இப்படியே இருந்தால் தோல்விதான் என்ற முடிவு அவர் மனத்தில் ஊன்றியது. யந்திரத்தைப் பெரிதாக்காமலே வேகத்தைக் கூட்ட ஒரு வழி அவருக்குத் தெரிந்தது. அதன் பெயர் சூப்பர்சார்ஜர்.

அது என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொல்லன் உலைக்களத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். கரி அதேதான், அடுப்பும் அதேதான். ஆனால் துருத்தியை அழுத்திக் காற்றை ஊதியவுடன் தீ சீறி எழுகிறது. மோட்டார் யந்திரமும் காற்றையும் பெட்ரோலையும் கலந்து எரிப்பதே. சாதாரண யந்திரம், பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக உறிஞ்சக்கூடிய அளவு காற்றையே எடுத்துக்கொள்ளும். சூப்பர்சார்ஜர் என்பது அந்த யந்திரத்துக்குப் பூட்டிய துருத்தி. அது கலவையை அமுக்கி உள்ளே திணிக்கிறது. அதே சிலிண்டரில் மிகுந்த கலவை எரிவதால் மிகுந்த சக்தி பிறக்கிறது. ஊதுவது என்ற பொருளில் இதற்குப் 'புளோயர்' என்ற பெயரும் வழங்கியது. அந்தப் பெயரே பின்னர் பிர்கினுடைய வண்டிக்கும் நிலைத்துவிட்டது.

சக்தி எங்கிருந்தோ இலவசமாக வருவதில்லை. மிகுதியாக எரிந்தால் மிகுதியான வெப்பம் உண்டாகும். பிஸ்டனின் தலையும் வால்வுகளும் அந்த வெப்பத்தைத் தாங்க வேண்டும். அழுத்தம் கூடினால், அதை வாங்கிச் சுழலும் கிராங்க் தண்டு தாங்க வேண்டும். அவை தாங்கினாலும், கூடிய வேகத்தை டயரும் பிரேக்கும் தாங்க வேண்டும். பெண்ட்லியின் மறுப்பு இந்த அடிப்படையில் எழுந்தது. நாலரை லிட்டர் யந்திரம் தானாக மூச்சு வாங்குவதற்காக வகுக்கப்பட்டது; அதில் துருத்தியைப் பூட்டுவது அதன் அமைப்பைத் திரிப்பதும் அதன் இயக்கத்தைக் கெடுப்பதும் ஆகும் என்பது அவர் கருத்து. இன்னும் வேகம் வேண்டுமானால் ஆறரை லிட்டர் வண்டி இருக்கிறதே என்றார்.

ஆனால் அக்காலத்தில் கம்பெனியின் சாவி அவர் கையில் இல்லை. வண்டி செய்வதில் வல்லவரான பெண்ட்லிக்குப் பணம் சேர்க்கும் கலை கைவரவில்லை. தென்னாப்பிரிக்க வைரச் சுரங்கங்களில் பெருஞ்செல்வம் ஈட்டிய ஒருவரின் மகனான வுல்ஃப் பார்னாட்டோ, 1926 முதல் கம்பெனிக்குப் பணம் கொடுத்துத் தலைவராக இருந்தார். அவரும் சிறந்த பந்தய ஓட்டுநர். பிர்கினின் பேச்சில் அவர் மனம் இசைந்தது. பிர்கின் வெல்வின் என்ற ஊரில் தனித் தொழிற்கூடம் அமைத்தார். ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் என்ற இளம் எஞ்சினியர் சூப்பர்சார்ஜரை வகுத்தார். பிர்கினின் சொந்தப் பணம் கரைந்தபோது, டாரத்தி பேஜட் என்ற செல்வச் சீமாட்டி உதவிக்கு வந்தார். குதிரைப் பந்தய உலகில் பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்றவர் அவர். லெ மான் பந்தயத்தில் கலந்துகொள்ள வேண்டுமானால் அதே வகை வண்டிகள் 50 செய்து பொதுமக்களுக்கு விற்க வேண்டும் என்பது விதி. அதற்கும் பார்னாட்டோ இசைந்தார். பந்தயத்துக்கு 5, விற்பனைக்கு 50, ஆக 55 வண்டிகள் உருவாயின. தம் பெயரைத் தாங்கிய வண்டி தம் கருத்துக்கு மாறாக உருவாவதைப் பெண்ட்லி பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது.

 துருத்தியை ரேடியேட்டருக்கு முன்னால், வண்டியின் மூக்கில் பூட்டி, கிராங்க் தண்டின் நுனியிலிருந்தே அதனைச் சுழலச் செய்தார்கள். பலன் உடனே தெரிந்தது. சாதாரண நாலரை லிட்டர் வண்டியின் சக்தி 110 குதிரைச் சக்தி. துருத்தி பூட்டிய சாலை வண்டிக்கு 175. பந்தய வண்டிக்கு 240. காகிதத்தில் பார்த்தால் இது வெற்றிதான். ஆனால் இதற்காகச் செய்ய வேண்டியிருந்த மற்ற வேலைகளைப் பாருங்கள். கிராங்க் தண்டை மேலும் தடிப்பாகச் செய்தார்கள். பிஸ்டன்களையும் அவற்றைத் தாங்கும் தண்டுகளையும் மாற்றினார்கள். எண்ணெய் ஓட்டத்தைத் திருத்தினார்கள். வண்டியின் முன்புறம் கனத்ததால், வளைவுகளில் அது திரும்ப மறுத்து நேரே செல்ல முயன்றது. முன்பே கனத்த வண்டி. இப்போது வேகமும் கூடியதால் டயர்கள் விரைவில் தேய்ந்தன. முழு வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு 4 லிட்டர் பெட்ரோல் குடித்ததாகச் சொல்வதுண்டு. பிஸ்டன் மாற்றிய கதைக்கு இது நேர்மாறு. இங்கே ஓரிடத்தில் செய்த மாற்றம் மற்ற இடங்களுக்கெல்லாம் வேலை வைத்தது.

1929-ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்துக்குத் துருத்தி வண்டிகள் ஆயத்தமாகவில்லை. அதனால் பிர்கின் அவ்வாண்டு பார்னாட்டோவுடன் சேர்ந்து ஆறரை லிட்டர் வண்டியை ஓட்டினார். அந்த வண்டி முதலிடம் பெற்றது. அடுத்த மூன்று இடங்களையும் துருத்தி இல்லாத நாலரை லிட்டர் பெண்ட்லிகளே பெற்றன. முதல் நான்கு இடங்களும் ஒரே கம்பெனிக்கு! இதைவிட வேறு என்ன சான்று வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் வேகத்தில் மனம் வைத்தவர்க்கு வெற்றியும் போதுமான பதில் ஆவதில்லை. துருத்தி வண்டி அதே மாதத்தில் புரூக்லண்ட்ஸில் முதன்முதலாகப் பந்தயத்தில் இறங்கியது. முடிவு வரை ஓடவில்லை. ஆகஸ்டு மாதத்தில் வட அயர்லாந்தின் ஆர்ட்ஸ் பாதையில் நடந்த பந்தயத்தில், பெண்ட்லியே பிர்கினின் பக்கத்தில் மெக்கானிக்காக அமர்ந்து சென்றார். தாம் விரும்பாத வண்டியிலும் ஏறி உட்கார்ந்து, அதன் நலத்தைக் கவனித்த அந்தப் பெருந்தன்மையை நான் வியக்கிறேன். அந்தப் பந்தயத்தில் வென்றவர் மெர்சிடிஸ் ஓட்டிய ஜெர்மானியர் ருடால்ஃப் கராச்சியோலா.

1930 ஜூன் 21-ஆம் நாள் லெ மானில் தீர்ப்பு நாள் வந்தது. கராச்சியோலாவும் அவர் துணைவர் வெர்னரும் ஏழு லிட்டருக்கு மேற்பட்ட மெர்சிடிஸ் வண்டியில் வந்தார்கள். அதிலும் சூப்பர்சார்ஜர் இருந்தது. ஆனால் ஒரு வேறுபாடு. ஓட்டுபவர் மிதியை அடிவரை அழுத்தும்போது மட்டுமே அந்தத் துருத்தி வேலை செய்யும். மற்ற நேரங்களில் ஓய்வெடுக்கும். பெண்ட்லியின் துருத்தியோ யந்திரம் சுழலும்வரை சுழன்றுகொண்டே இருக்கும். பிர்கின் தொடக்கத்திலேயே கராச்சியோலாவைத் துரத்தினார். டயரின் மேற்தோல் பிய்ந்து பறந்துகொண்டிருந்த நிலையிலும், இரு சக்கரங்கள் சாலையோரப் புல்லில் பதிய, மெர்சிடிஸைக் கடந்து முன்னேறினார். கூடியிருந்த மக்கள் ஆரவாரித்தனர். சிறிது நேரத்தில் அந்த டயர் வெடித்தது. அன்றைய பந்தயத்தில் மிக வேகமான சுற்று பிர்கின் ஓட்டியதுதான்.

இரவு நீண்டது. நள்ளிரவுக்குப் பின் மெர்சிடிஸ் பழுதாகி நின்றது. மறுநாள் துருத்தி பூட்டிய பெண்ட்லிகள் இரண்டும் யந்திரம் சிதைந்து ஒன்றன்பின் ஒன்றாக விலகின. மாலையில் கொடி அசைந்தபோது முதலிடத்தில் வந்தது பார்னாட்டோவும் கிளென் கிட்ஸ்டனும் ஓட்டிய, துருத்தி இல்லாத ஆறரை லிட்டர் பெண்ட்லி. இரண்டாம் இடமும் அதே வகை வண்டிக்கே. மிக வேகமான சுற்றை ஓட்டிய வண்டி வீடு திரும்பவில்லை. 24 மணி நேரம் தாங்கிய வண்டி மாலை சூடியது. முயல் களைக்கும்வரை மெர்சிடிஸைத் துரத்தியதால்தானே ஆமை வென்றது என்று பிர்கினின் பக்கம் பேசுவோரும் உண்டு. ஆனால் தம் வண்டி தியாகத்துக்காகவே பிறந்தது என்று பிர்கின் கருதியிருப்பாரா? வெல்வதற்காகத்தான் அவர் அத்தனை பொருளையும் உழைப்பையும் கொட்டினார்.

நடுநிலையோடு ஒன்று சொல்ல வேண்டும். துருத்தி வண்டி புகழுக்குரிய காரியம் எதையும் செய்யவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பிரான்ஸின் போ நகரில் நடந்த கிராண்ட் பிரி பந்தயத்தில், இலேசான புகாட்டி வண்டிகளுக்கு நடுவே, நாலு பேர் அமரும் இந்தக் கனத்த வண்டியை ஓட்டிப் பிர்கின் இரண்டாவதாக வந்தார். 1932 மார்ச்சில், ஒருவர் மட்டுமே அமரும் துருத்தி வண்டியில் புரூக்லண்ட்ஸ் வெளிவட்டத்தை மணிக்கு 137.96 மைல் வேகத்தில் சுற்றிச் சாதனை நிறுவினார். ஒரு சுற்று, சில மணி நேரம் என்றால் அந்த வண்டி அஞ்சத்தக்க போட்டியாளர். அது பிறந்ததோ நீண்ட பந்தயத்தை வெல்வதற்காக. அந்த நோக்கம் நிறைவேறவில்லை. பெரும் பந்தயம் ஒன்றிலும் அது முதலிடம் பெறவில்லை.

இதற்கிடையில் 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. உலகெங்கும் வாணிகம் முடங்கியது. விலை மிகுந்த பந்தய வகை வண்டிகளை வாங்குவோர் குறைந்தனர். அத்தகைய வேளையில்தான் கம்பெனி 50 துருத்தி வண்டிகளைச் செய்து விற்க வேண்டியிருந்தது. 1930-இன் இறுதிக்குள் டாரத்தி பேஜட் தம் ஆதரவின் பெரும்பகுதியை விலக்கிக்கொண்டார். பெண்ட்லி கம்பெனியும் லெ மானிலிருந்து விலகியது. 1931 ஜூலையில் கடன் தவணையைச் செலுத்த வழியின்றி அது நொடித்தது; பார்னாட்டோ மேலும் பணம் போட இசையவில்லை. அவ்வாண்டின் இறுதியில் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி அதை வாங்கியது. வீழ்ச்சிக்குத் துருத்தி வண்டி ஒன்றே காரணம் என்று சொல்வது நியாயமன்று. உலகப் பொருளாதார மந்தமே முதற்காரணம். ஆனால் வெள்ளம் வரும் நேரத்தில் தோணியில் ஏற்றிய ஒரு சுமையாக அது இருந்தது என்பதை மறுக்க முடியாது.

பெண்ட்லி தம் சுயசரிதையை 1958-இல் வெளியிட்டார். கால் நூற்றாண்டுக்கு மேல் சென்ற பிறகும் இந்தத் துருத்தி பற்றிய மனவருத்தம் அவருக்கு ஆறவில்லை என்பதை அதில் காண்கிறோம். உடைந்த யந்திரங்களுக்காக மட்டும் அவர் வருந்தவில்லை. பெண்ட்லி என்றால் உடையாதது என்று பத்தாண்டுகள் உழைத்துத் தேடிய பெயருக்கு அது ஊறு செய்துவிட்டது என்பதே அவர் வருத்தம். தமது கம்பெனியில் தம் சொல் நிற்கவில்லை என்பதும் அதில் அடங்கும்.

பிர்கினுக்கு வாழ்க்கை வேறொரு வகையில் பாடம் சொன்னது. 1931-இல் ஓட்டுவதற்கு ஆங்கில வண்டி இல்லாமல், அவர் இத்தாலிய வண்டியான ஆல்ஃபா ரோமியோவில் ஏர்ல் ஹோவ் என்பவருடன் லெ மானுக்குச் சென்றார். வென்றார்! 24 மணி நேரத்தில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் சென்ற முதல் வெற்றி அது. ஆங்கில வண்டியில் பெற வேண்டிய வெற்றியை அயல்நாட்டு வண்டியில் பெற நேர்ந்ததே என்ற ஏக்கம் அவருக்கு இருந்தது. இங்கேதான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. அந்த ஆல்ஃபா ரோமியோவிலும் சூப்பர்சார்ஜர் உண்டு! கொள்ளளவு 2.3 லிட்டர்தான், ஏறக்குறைய பெண்ட்லியின் பாதி. அதை வகுத்த விட்டோரியோ யானோ என்ற எஞ்சினியர், முதற்கோடு வரையும்போதே துருத்திக்கும் சேர்த்து வரைந்தார். எட்டுச் சிறிய சிலிண்டர்கள், இலேசான பிஸ்டன்கள், யந்திரத்தின் பக்கத்திலேயே துருத்திக்கு உரிய இடம், அந்தச் சக்திக்கு ஏற்ற இலேசான அடிச்சட்டம். அங்கே துருத்தி விருந்தாளியாக வரவில்லை. வீட்டுப் பிள்ளையாகப் பிறந்தது.

ஆகவே, பெண்ட்லி, பிர்கின் இருவரில் யார் சொன்னது சரி? நான் படித்து அறிந்த அளவில், இருவரிடமும் உண்மையின் ஒவ்வொரு பாதி இருந்தது என்றே கருதுகிறேன். இந்த யந்திரம் துருத்தியைத் தாங்காது என்று பெண்ட்லி சொன்னது சரி. ஆனால் பானையை மேலும் மேலும் பெரிதாக்கிக்கொண்டே எவ்வளவு காலம் செல்ல முடியும்? வருங்காலம் துருத்தியின் பக்கம் இருக்கிறது என்று பிர்கின் கண்டது சரி. 1931 முதல் 1934 வரை நான்கு ஆண்டுகள் லெ மானில் ஆல்ஃபா ரோமியோவே வென்றது அதற்குச் சான்று. ஆனால் வருங்காலத்தைப் பழைய யந்திரத்தின் மூக்கில் பூட்டிவிட்டால் அது நிகழ்காலம் ஆகிவிடாது. பெண்ட்லியின் அறிவும் பிர்கினின் ஆர்வமும் ஒரே மேசையில் அமர்ந்து, புதிய யந்திரம் ஒன்றை அடியிலிருந்து வகுத்திருந்தால் வரலாறு வேறாக இருந்திருக்கலாம். அவசரமும் பணமுடையும் அதற்கு இடம் தரவில்லை.

மாணவ நண்பர்களே, இந்த வரலாற்றிலிருந்து மூன்று செய்திகளை நீங்கள் மனத்தில் கொள்ளலாம். முதலாவது, ஒரு யந்திரத்தின் ஓர் உறுப்பை மாற்றும்போது நாம் உண்மையில் எல்லா உறுப்புகளையும் மாற்றுகிறோம். வேகத்தைக் கூட்டியவன் பிரேக்கைக் கூட்டியாக வேண்டும். சூட்டைக் கூட்டியவன் குளிர்ச்சிக்கு வழி செய்தாக வேண்டும். இன்று ஒரு மோட்டார் சைக்கிளைத் தம் விருப்பப்படி மாற்றியமைக்கும் இளைஞருக்கும் இது பொருந்தும். இரண்டாவது, எதற்காக மாற்றுகிறோம் என்பதை மறவாதிருத்தல். லெ மானில் கேட்ட கேள்வி, யார் ஒரு சுற்றை விரைவாக ஓட்டுகிறார் என்பது அன்று. யார் ஒரு நாளைக் கடக்கிறார் என்பதே. 240 என்ற எண் அந்தக் கேள்விக்கு விடை ஆகவில்லை. மூன்றாவது, படைத்தவன் 'வேண்டாம்' என்று சொன்னால் அதற்குப் பிடிவாதம் மட்டுமே காரணம் என்று தள்ளிவிடக்கூடாது. காரணத்தைக் கேட்டு, அளந்து, சோதித்துப் பார்க்க வேண்டும். அதுபோலவே படைத்தவனும் 'வேண்டாம்' என்பதோடு நின்றுவிடாமல், வேறு வழியைக் காட்டக் கடமைப்பட்டவன்.

பிர்கின் நீண்ட நாள் வாழவில்லை. 1933 மே மாதம் திரிபோலிப் பந்தயத்தில், சுடும் புகைக்குழாயில் கை பட்டுப் புண்ணாயிற்று. அதைப் பொருட்படுத்தாமல் விட்டார். இரத்தம் நஞ்சாகி, ஜூன் மாதம் லண்டனில் காலமானார். வயது 36. பெண்ட்லி சில ஆண்டுகள் ரோல்ஸ் ராய்ஸில் பணி புரிந்து, பின்பு லகோண்டா கம்பெனிக்குச் சென்று பன்னிரண்டு சிலிண்டர் யந்திரம் ஒன்றை வகுத்தார். 1971-இல் மறைந்தார்.

வண்டியின் கதை மட்டும் முடியவில்லை. 2012-இல் பிர்கினின் ஒற்றை இருக்கை வண்டி ஏலத்தில் 50 லட்சம் பவுனுக்கு மேல் விலை போயிற்று. 2019-இல் பெண்ட்லி கம்பெனியே பழைய துருத்தி வண்டியை அச்சு மாறாமல் மீண்டும் 12 செய்யப்போவதாக அறிவித்தது. வென்ற ஆறரை லிட்டர் வண்டியைவிடத் தோற்ற துருத்தி வண்டியையே உலகம் மிகுதியாக நினைவில் வைத்திருக்கிறது. மனித உள்ளம் வீரத்தைக் கண்டு மயங்குவது இயல்பு. அதில் தவறு இல்லை. ஆனால் நாளை ஒரு பாலத்தையோ, பம்பையோ, வண்டியையோ உங்கள் கையில் ஒப்படைப்பார்கள். அப்போது பிர்கினின் துணிவு உங்களிடம் இருக்கட்டும். திருகாணியை எடுக்கும் முன், பெண்ட்லி கேட்டிருக்கக்கூடிய கேள்வி ஒன்றையும் கேட்டுப் பாருங்கள்: இந்தச் சுமையை இதற்குப் பின்னால் நிற்பவை எல்லாம் தாங்குமா?